முனீஸ்வரனுக்கு உயிர்ப்புள்ளி போடாதீர்கள்

ஞாயிறுதோறும் பெரம்பூர் மாடி அறையில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டிக் கதை ஆடும் குழுவின் நிர்வாகிகளுக்கும், கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் தம்பிக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். மேசையைச் சுற்றி நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். மேசைக்கு அடியில் நடந்ததை மட்டும் நான் ஒருவன்தான் பார்த்தேன். நம் மண்ணின் சாமிகளைக் கற்பனை ஆட்டங்களில் சேர்க்க நினைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. மூன்று மாதம் கெஞ்சி, அன்றுதான் முதன்முதலாக என்னோடு ஆட வந்தான். கதை நன்றாகத்தான் போயிற்று. கழியைத் தாண்டி, இடிந்த கிடங்குகளைத் தாண்டி, நம் கூட்டம் ஒரு முட்டுச்சந்தில் வந்து நின்றது. தம்பி அந்த இடத்தை விவரித்தார். ஒரு வேப்பமரம். அடியில் மஞ்சள் பூசிய மூன்று செங்கல். மண்ணில் நட்ட சூலம், அதன் முனையில் வாடிய எலுமிச்சம்பழம். பாதி எரிந்து அணைந்த சுருட்டு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே பையன் செருப்பிலிருந்து கால்களை மெல்ல உருவி, வெறுந்தரையில் வைத்துக்கொண்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அப்படி ஓர் இடம் வந்தால் எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகூட அதைத்தான் செய்யும்.

அடுத்த வாக்கியத்தில் மரத்திலிருந்து முனி இறங்கியது. உயிர்ப்புள்ளி, அதாவது சாகும்வரை அது தாங்கும் அடியின் அளவு, 90. கவச எண், அதாவது அதன்மேல் அடி விழப் பகடையில் எட்ட வேண்டிய எண், 17. வீழ்த்தினால் ஒரு மூட்டைப் பொன். பையனின் முறை. இருபது முகப் பகடையைக் கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உருட்டு தம்பி, அது வெறும் அரக்கன்தான்" என்றார் ஒருவர். அவன் பகடை உருண்டுவிடாதபடி மேசையில் அழுத்தி வைத்தான். பக்கத்தில் இருந்தவர் எடுத்து உருட்டினார். இருபது விழுந்தது. கைதட்டினீர்கள்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. தண்டையார்பேட்டையில் இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்ததும், "மாமா, ஆயாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். அந்தத் தெருமுனை முனீஸ்வரனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுபவர் அவனுடைய ஆயா, என் அம்மா.

நான் இந்த ஆட்டத்தை நேசிப்பவன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கி வெளியிட்டார்கள். காகிதமும் பென்சிலும் பகடையும் இருந்தால் நாலு பேர் பேசிப் பேசியே ஓர் உலகத்தை எழுப்பிவிடலாம் என்று காட்டிய ஆட்டம் அது. அந்த உலகத்துக்குள் நம் சாமிகள் வருகிறார்கள் என்று நீங்கள் அறிவித்தபோது முதலில் மகிழ்ந்தவன் நான். அவர்களைச் சேர்க்காதீர்கள் என்று இப்போதும் சொல்லவில்லை. கொன்று புள்ளி சேர்க்கும் அரக்கர் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தெய்வத்துக்கு எண் போடுவது இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம் என்று தம்பி சொன்னார். உண்மைதான். 1980இல் அமெரிக்காவில் வந்த விதிநூல் ஒன்றில் இந்திரனுக்கும் அக்னிக்கும்கூட உயிர்ப்புள்ளி போட்டிருந்தார்கள். அதை எழுதியவர்களுக்கு அவை எங்கோ படித்த பெயர்கள். நமக்கு அப்படியா? பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் சூலம் நிற்கிறது. பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்ததும் அதே 1980இல்தான். அம்மை போய்விட்டது, அதற்குப் பயந்து அம்மனுக்கு ஊற்றிய ஆடிக் கூழ் நிற்கவில்லை. பயம் தீர்ந்த பிறகும் நீடிக்கிற அந்த உறவுக்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்?

இவர்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். காத்தவராயன் கழுவேறியவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். எல்லையில் கல்லாக நிற்கும் சாமிகளில் பலர், சாதி தாண்டிக் காதலித்ததற்காகவும் காவலுக்குப் போன இடத்திலும் உயிரை விட்டவர்கள். கொன்ற ஊரே பின்னால் பயந்து, அழுது, கல் நட்டுக் கும்பிட்டது. ஏற்கெனவே ஒருமுறை கொல்லப்பட்டவர்களை, ஒரு மூட்டைப் பொன்னுக்காக மறுபடியும் கொல்லச் சொல்லி ஒரு சிறுவனின் கையில் பகடையைக் கொடுத்தீர்கள்.

ஆட்டம் என்பதும் இவர்களுக்குப் புதிதல்ல. காத்தவராயன் கதையைத் தெருக்கூத்தாக விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்து வர்ணித்தால் சாமி இறங்கும். ஊர் கேள்வி கேட்கும், சாமி பதில் சொல்லும். ஒருவர் இன்னொருவராக நின்று பேச, சுற்றி இருப்பவர்கள் அதை நம்பி நடந்துகொள்கிறார்கள். நம் மேசையில் நடப்பதும் அதுதானே.

வேறு எப்படித்தான் சேர்ப்பது என்று கேட்பீர்கள். முனிக்கு உயிர்ப்புள்ளி வேண்டாம், எல்லை கொடுங்கள். இந்த வேப்பமரத்திலிருந்து அந்த வாய்க்கால் வரை அவர் காவல். ஓரடி தாண்டினாலும் வேறு துணை தேடிக்கொள்ள வேண்டும். உத்தரவு கேட்காமல் உள்ளே நுழைந்தவனுக்கு வழி தப்பும். நேர்ந்துகொண்டால் உதவி உண்டு. நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் அந்தக் கடன் அடுத்தடுத்த வாரங்களுக்கும் கூடவே வரும். பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டு, வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் அதை நினைத்தே நடுங்கியவர் என் பெரியம்மா. எந்த அரக்கனும் ஒரு கதைக்கு அவ்வளவு அழுத்தம் தரமாட்டான். பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் முன்னால் புது வண்டியை நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிறவர்கள் செய்வதும் ஓர் ஒப்பந்தம்தான். அந்த ஒப்பந்தத்தை ஆட்டமாக்குங்கள்.

கொல்வதற்கு அரக்கன் வேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் பரவிய எண்ணெய் இருக்கிறது. வலையும் படகும் கறுத்துப்போக, மீனவர்கள் அதைக் கையால் அள்ளி அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். அதற்கு எத்தனை உயிர்ப்புள்ளி வேண்டுமானாலும் போடுங்கள். கன்னிமார் ஏழு பேரும் நம் பக்கம் நிற்கட்டும். முதல் பகடையை என் அக்கா மகன் உருட்டுவான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வரைபடத்தில் தெற்கே கோபுரம் வைத்த கோயில்கள் எல்லாம் காயம் ஆறும் இடங்கள். வடக்கே கூரையில்லாத கோயில்கள் எல்லாம் சாபம் பிடிக்கும் இடங்கள். இதை யார் வரைந்தது? வட சென்னை என்றாலே புகை, குப்பை, வெட்டுக்குத்து என்று திரையில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. ஊரெல்லாம் விளக்கெரிய அனல்மின் நிலையச் சாம்பலை இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டது. கற்பனையிலாவது எங்கள் தெருவுக்கு ஒரு நல்ல இடம் கிடைக்கக் கூடாதா? அதுவும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பிறந்த உங்கள் கையாலேயே இப்படி ஒரு வரைபடம் வர வேண்டுமா?

கோபம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள். நீங்கள் வேண்டுமென்றே அவமதிக்கிறவர்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். அந்தச் செங்கல்லையும் சுருட்டையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துச் சொன்ன தம்பிக்கு இது புரியாமல் போகாது.

பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். முனீஸ்வரன், கன்னிமார், காத்தவராயன், பச்சையம்மன் ஆகிய பெயர்களை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அரக்கர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சென்ற வாரம் அந்த முட்டுச்சந்தில் நடந்ததை நடக்காததாக அறிவியுங்கள். ஆட்டம் நடத்துபவருக்கு அந்த அதிகாரம் உண்டு. புதிதாக எழுதுவதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டுப் போங்கள். ஆறரை மணிக்கு அம்மா விளக்கேற்றுவார். ஆட்டத்தைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம், அது பையனுக்கு நான் கொடுத்த வாக்கு. முனியைப் பற்றிக் கேளுங்கள். தன் மாமியார் சொன்னதிலிருந்து தொடங்குவார், முடிய எட்டு மணியாகும்.

உங்கள் பதிலுக்கு அவனும் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் மேசையில் ஜன்னலோரம் உட்காருபவன்,
தண்டையார்பேட்டை