விவியன் உட்வர்டின் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் பதிவேடுகளைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கோல்களைக் குவித்த முன்கள ஆட்டக்காரர் விவியன் உட்வர்ட் யாரென்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 23 முழு சர்வதேச ஆட்டங்களில் 29 கோல் என்பது உங்கள் ஏட்டில் இருக்கும் கணக்கு. அதில் எங்களுக்கு எந்தத் தகராறும் இல்லை. அந்த 29-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதைப் பற்றித்தான் இந்த மடல்.

1907 டிசம்பர் 21 அன்று டார்லிங்டனில், உட்வர்ட் ஆடிய இங்கிலாந்து அமெச்சூர் அணி, அதாவது சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களின் அணி, நெதர்லாந்தை 12–2 என்று வென்றது. நெதர்லாந்து அதை முழு சர்வதேச ஆட்டமாகவே எண்ணுகிறது; தன் வரலாற்றின் மிகப் பெரிய தோல்வி என்று இன்றுவரை எழுதி வைத்திருக்கிறது. 1906 நவம்பரில் பாரிஸில் அதே அணியிடம் 15–0 என்று தோற்ற பிரான்சும் அதை முழு சர்வதேச ஆட்டமாகவே எண்ணுகிறது. தோற்றவர்கள் ஏட்டில் அவை சர்வதேச ஆட்டங்கள். வென்ற உங்கள் ஏட்டில் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாத அணி அது என்ற உங்கள் காரணம் புரிகிறது, நியாயமும்கூட. 1908 ஜூனில் வியன்னா, புடாபெஸ்ட், பிராக் போன முழு அணியின் ஆட்டங்களோடு இவற்றைக் கலந்துவிடக் கூடாது. கலக்கச் சொல்லவும் இல்லை. இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில், சேர்த்துப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நீங்கள் முடிவாக ஒரு எண்ணைச் சொல்லாததால்தான் அவருடைய அமெச்சூர் கோல்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. ஒலிம்பிக் ஆட்டங்களைச் சேர்ப்பவர் ஒரு எண் சொல்கிறார், விடுபவர் வேறொன்று சொல்கிறார்.

அமெச்சூர் என்ற அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை யோசித்துப் பாருங்கள். அக்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரரின் உச்சவரம்புச் சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்டு. பல ஆண்டு உழைத்தவருக்குக் கிளப் ஒரு உதவி ஆட்டம் நடத்தி, டிக்கெட் வசூலைக் கையில் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. உட்வர்ட் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டு டாட்டன்ஹாமுக்கும் செல்சிக்கும் ஆடியவர். அவருக்குச் சம்பளமும் இல்லை, உதவி ஆட்டமும் இல்லை. செலவுக் காசுக்கு மேல் வாங்கினால் அமெச்சூர் தகுதியே போய்விடும். 1908-இலும் 1912-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியது இப்படித்தான்.

1914-இல் போர் தொடங்கிய சில வாரங்களில் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 35. அடுத்த ஏப்ரலில் ஓல்ட் டிராஃபோர்டில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஆடுவதற்கு லீவு கிடைத்திருந்தது. ஆனால் செல்சியை இறுதிவரை கொண்டுவந்த பாப் தாம்சன் முழங்கைக் காயத்தோடும் ஆடத் தயாராக இருந்தார். ஒரு கண் பார்வை மட்டுமே உள்ளவர் அவர். அவர் இடத்தை எடுக்க மாட்டேன் என்று உட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். செல்சி 3–0 என்று தோற்றது. கோப்பைப் பதக்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிறகு மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17-ஆம் பட்டாலியனில் அதிகாரியானார். கால்பந்து பட்டாலியன் என்று ஊரே அழைத்த படை அது. 1916 ஜனவரியில் கையெறி குண்டுச் சிதறல் வலது தொடையைக் கிழித்தது. பந்தை உதைப்பதும், திரும்புவதும், எகிறுவதும் தொடைத் தசையில்தான் இருக்கிறது. காயம் ஆறி மறுபடி போர்முனைக்குப் போனார். முதல்தர ஆட்டத்துக்கு மட்டும் திரும்பவே முடியவில்லை. வயது 36 ஆகியிருந்தது, எப்படியும் அந்திமக் காலம்தான் என்று சிலர் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று அவரே முடிவு செய்திருக்கலாமே. போருக்குப் பின் எசெக்ஸில் விவசாயம், செல்சியில் சில ஆண்டு இயக்குநர் பொறுப்பு, கடைசியில் ஈலிங் மருத்துவ இல்லத்தில் படுத்த படுக்கை. 1954-இல் காலமானார்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. போர் வெற்றியைக் கொண்டாட 1919-இல் நடந்த ‘வெற்றி ஆட்டங்களும்’, 1939 முதல் 1945 வரை நடந்த போர்க்கால சர்வதேச ஆட்டங்களும் இன்றுவரை அதிகாரபூர்வமற்றவைதான். மக்கள் மனம் தளராதிருக்க ஆடுங்கள் என்று சீருடைக்காரர்களை மைதானத்துக்கு அழைத்தீர்கள். கணக்கு எழுதும் வேளையில் அது ஆட்டமே இல்லை என்கிறீர்கள். அந்தப் பட்டாலியன் போரிட்ட பிரான்சின் லாங்குவாலில் 2010-இல் கால்பந்து பட்டாலியனுக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது, நல்ல காரியம். கல்லில் இடம் கிடைத்தவர்களுக்கு ஏட்டில் கிடைக்காதா? 1974-இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே நீக்கியது உங்கள் சங்கம்தானே!

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒரு பக்கம். முழு சர்வதேசம்: 23 ஆட்டம், 29 கோல். அதன் கீழே, இங்கிலாந்து அமெச்சூர் அணிக்கான ஆட்டமும் கோலும், ஒலிம்பிக் ஆட்டங்களைத் தனியே பிரித்து, உங்கள் ஆவணங்களைச் சரிபார்த்து நீங்களே அறிவிக்கும் எண்ணாக. அதற்கும் கீழே படைப்பணி, காயம்பட்ட மாதம், ஆண்டு. உட்வர்டில் தொடங்கி, அமெச்சூர் அணிக்கு ஆடிப் போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் இதே முறையில் எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து வரலாறு படிக்கும் தமிழ் வாசகர்கள்