‘சும்மா உட்கார வந்தவர்கள்’

சென்னை
4-2-2025

அன்புள்ள நூலகருக்கு,

நீ ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆன பிறகும் எனக்கு இப்படித்தான் அழைக்க வருகிறது. விடுதியில் நீ என்னைப் ‘பொருளாதாரம்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதற்குப் பழிவாங்கல் என்று வைத்துக்கொள். முழங்கால் அறுவை நல்லபடி முடிந்தது என்று படித்து நிம்மதியானேன். மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருந்தாய், ‘உன் புர்கினா நூலகம் என்ன ஆயிற்று?’ என்று. அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் அங்கே போனது நூலகத்துக்காக இல்லை, பருத்திக்காக. 2003-இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து, அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியம் எங்களை நசுக்குகிறது என்று முறையிட்டன. அந்த முறையீட்டின் தொடர்ச்சியாகப் பல வருடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். புர்கினாவில் போபோ-தியுலாசோ நகரத்திலிருந்து தலைநகர் வாகதூகு போகும் நெடுஞ்சாலையில் ஹூந்தே என்றொரு ஊர். அதிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் கிராமத்தில் மூன்று மாதம் இருந்தேன். வீட்டில் புவாமு மொழி, சந்தையில் தியூலா, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மொழியில் பிள்ளை எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்கிறது. பள்ளி விட்டதும் அந்த மொழி கண்ணிலும் படாது, காதிலும் விழாது. அந்த ஒற்றை அறை நூலகம் ஒன்றுதான் விலக்கு.

தகரக் கூரை, சூரிய ஒளியில் எரியும் இரண்டு விளக்குகள், நாலு பெஞ்சு. கப்பலில் வந்த நன்கொடைப் புத்தகங்கள் ஒரு சுவர் நிறைய. அவற்றில் பாரிஸ் சுரங்க ரயில் வழிகாட்டியும் பனிச்சறுக்குக் கற்றுத்தரும் புத்தகமும் இருந்தன என்றால் நீ நம்பமாட்டாய். யாரும் தொடவில்லை. தையல் பிரிந்து, முனை மடங்கி, எண்ணெய்க்கறை ஏறிக் கிடந்தவை வேறு: அந்தக் கிராமத்திலேயே எடுத்த புகைப்படங்களுக்குக் கீழே ஒரு வரி, இரண்டு வரி எழுதி அச்சடித்த சின்னப் புத்தகங்கள். நேரே மரத்தின் விதையைப் புளிக்கவைத்து சும்பாலா செய்வது எப்படி என்று ஒன்று. அட்டையில் இருந்த பாட்டி அடுத்த தெருக்காரி. பேரன் அவளுக்கு அவளைப் பற்றியே வாசித்துக் காட்டியதை நான் பார்த்தேன்.

நூலகர் உள்ளூர் இளைஞர். பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் பாதிகூட அவருக்கு இல்லை. ஆனால் பதிவேடு உன்னுடையதைவிட ஒழுங்கு (கோபிக்காதே). வந்தவர் பெயர், வயது, எடுத்த புத்தகம், வந்த காரணம். காரணத்துக்கான கட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: ‘சும்மா உட்கார.’ புள்ளிவிவரம் கெட்டுப்போகிறதே என்று கடிந்துகொண்டேன். “உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன்” என்றார்.

சுவரில் அமதூ ஹம்பாத்தே பாவின் வாசகத்தைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். மாலி நாட்டு அறிஞர். வாய்மொழி மரபைப் பதிவுசெய்யுங்கள் என்று 1960-இல் யுனெஸ்கோவில் வாதாடியவர். ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறந்தால் ஒரு நூலகம் எரிகிறது என்று அவர் பெயரில் உலகமெங்கும் சுற்றுகிறதே, அதுதான். நம் இளைஞர் அதைக் காட்டி என்னிடம் கேட்டார்: “நூலகர் பசியால் செத்தால் என்ன எரியும்?”

சிரித்தேன். சிரித்துவிட்டு அறைக்குப் போய் அறிக்கை எழுதினேன். நன்கொடை தரும் அமைப்பு ஒன்று, ‘அங்கேதான் இருக்கிறீர்கள், இரண்டு பக்கம் கருத்து எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தது. கட்டடத்துக்குக் கொடுக்கலாம், புத்தகத்துக்குக் கொடுக்கலாம் என்றேன். சம்பளம் தொடர்செலவு, மூன்று ஆண்டுக்குப் பிறகு கிராமமே ஏற்றுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தன் காலில் நிற்கும் என்றேன். பாடப்புத்தகம் சொல்லும் பதில் அது. கிராமம் எதை வைத்து ஏற்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பருத்திப் பணம் வருடத்துக்கு ஒருமுறை வரும். உரக்கடன் கழிந்தது போக மிஞ்சுவது அறுவடை விருந்துக்குக் காணாது. கிராமப்புறங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றமே அங்கே 2006-இல்தான் வந்தது. சந்தைக் கடை வாடகையை நம்பிப் பிழைக்கும் மன்றம் நூலகரை எங்கே வைத்துக் காப்பாற்றும்?

உன்னை நினைத்துக்கொண்டேன். 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வருடக்கணக்காக விடாமல் கேட்டு வாங்கிய சட்டம். வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் வருகிறது, ஆகவே உனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அதில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. யாரும் அதற்கு நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொள்வதில்லை. கிராம நூலகம் புத்தகம் இல்லாமல் சாவதைவிட ஆள் இல்லாமல் சாவதுதான் அதிகம் என்று உன்னைக் கேட்டிருந்தால் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருப்பாய்.

மூன்றாம் ஆண்டு முடிவில் பணம் நின்றது. அந்த வருடம் நான் மறுபடி போயிருந்தேன், ஊர்க்கூட்டம் நடந்தது. அங்கே கேலி உறவு என்று ஒன்று உண்டு. நம் மாமன் மச்சான் கேலி மாதிரி, ஆனால் அது இரண்டு இனங்களுக்கு இடையே நடக்கும். மோசிக்கும் சாமோவுக்கும், போபோவுக்கும் ஃபுலானிக்கும் என்று யார் யாரை வாயாரத் திட்டலாம் என்பது வழிவழியாகத் தீர்மானமானது. திட்டு வாங்கியவன் கோபிக்கக் கூடாது. கூட்டத்தில் ஒரு ஃபுலானிப் பெரியவர், மாடு மேய்ப்பவர், எழுந்து சொன்னார்: “இந்த விவசாயிகள் என் அடிமைகள். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் என் மாடுகளைச் சரியாக எண்ணித் தருவார்கள். ஆகையால் முதல் பணம் என்னுடையது.” ஊரே சிரித்து உருண்டது. அடுத்தவன் பதிலுக்கு அவரைத் திட்டிக்கொண்டே காசு போட்டான். இரண்டு வருடச் சம்பளம் இப்படித் திட்டுகளாலேயே சேர்ந்தது. என் அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இடம் இருந்ததில்லை.

அந்தக் கேலியை இன்று அதே வாய் சொல்லுமா, தெரியவில்லை. ஆயுதக் குழுக்கள் வந்தன. ஃபுலானி என்றாலே அந்தக் குழுக்களின் ஆள் என்ற சந்தேகம் என்றானது. எத்தனையோ ஊர்களில் ஃபுலானிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2022-இல் மட்டும் இரண்டு ராணுவப் புரட்சிகள். 2023-இல் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தப் பெரியவர் குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று கேட்டு எழுதினேன். பதிலில் அந்தக் கேள்வியை மட்டும் விட்டிருந்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், இத்தனைக்கும் நடுவில் இந்த மாதக் கடைசியில் வாகதூகுவில் ஆப்பிரிக்கத் திரைப்பட விழா நடக்கப் போகிறது. 1969-இல் தொடங்கியது. பண்பாட்டுக்குச் செலவு செய்யத் தெரியாத நாடு என்று யாரும் அதைச் சொல்ல முடியாது. மண்ணுக்கடியில் பணமும் இருக்கிறது. ஏற்றுமதியில் 2009-இலேயே தங்கம் பருத்தியை முந்திவிட்டது. 2017-இலிருந்து ஹூந்தே பக்கமே பெரிய சுரங்கம் ஓடுகிறது. அதில் ஒரு துளி சட்டப்படி நூலகரின் பைக்கு வந்து சேர்வதற்கு வழிதான் இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நூலகம் மூடிக் கிடக்கிறது, பக்கத்துப் பள்ளியும்தான். இளைஞர் (அவருக்கும் இப்போது நரை) புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி போபோ-தியுலாசோ நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். உறவினர் வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறார். ஊரைவிட்டு வந்த பிள்ளைகள் மாலையில் வருகிறார்களாம். பாரிஸ் ரயில் வழிகாட்டியையும் ஏன் சுமந்தீர்கள் என்றேன். பதிவேட்டில் எண் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். உன் சாதிதான்.

போன வருடம் சித்திரையிலிருந்து மாதாமாதம் அவருக்குச் சம்பளம் அனுப்புகிறேன். தொடர்செலவுதான். மூன்று ஆண்டு வரம்பு எதுவும் போடவில்லை. சிரிக்காதே.

அவர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு உனக்குத் தெரியாவிட்டாலும் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாய். மார்ச்சில் கும்பகோணம் வருகிறேன். கீழ் அறையில் படுக்கை போடச் சொல்.

உன்
பொருளாதாரம்