பாப்பாவுக்கு மருந்து முடிஞ்சிருச்சு, எல்லாருக்கும் நன்றி

நேத்தோட பாப்பாவுக்கு 6 மாச டிபி மருந்து முடிஞ்சிருச்சு. யாருக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு ராத்திரி படுத்துகிட்டு யோசிச்சா ஆள் கூடிட்டே போகுது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

அப்ப அவளுக்கு 5 மாசம், எடை 4.8 கிலோதான், இருமல் மூணு வாரமா விடல, பால் குடிக்கவே மூச்சு வாங்கும். முதல்ல காட்டுன இடத்துல ரெண்டு தடவ ஆன்டிபயாடிக் குடுத்து நெபுலைசர் வச்சு, வெறும் சளிதான்னு அனுப்பிட்டாங்க. பிறந்ததும் போடுற டிபி தடுப்பூசி பிசிஜி போட்டாச்சேன்னு நானும் டிபிய நினைக்கவே இல்ல (மூளைக்காய்ச்சல் மாதிரி மோசமான டிபியத்தான் அது பெரும்பாலும் தடுக்குமாம், வரவே வராதுன்னு இல்லயாம்).

ஜிஹெச் குழந்தைங்க வார்டு டாக்டர் ஸ்டெதஸ்கோப்ப எடுக்குறதுக்கு முன்னாடியே "வீட்ல யாரும்மா இருமுறாங்க?"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த ஒரு கேள்விக்கு எத்தன நன்றி சொன்னாலும் பத்தாது. அத்தைதான் ரெண்டு மாசமா இருமிட்டு இருந்தாங்க, பாப்பா பகல் முழுக்க அவங்க மடியிலதான்.

கைக்குழந்தைக்கு சளிய துப்பத் தெரியாது, முழுங்கிடும், அதனால விடியக்காலைல பால் குடுக்காம மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துல இருந்து எடுத்து, டிபி கிருமி இருக்கான்னு பாக்குற சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்புனாங்க. பசில அவ கத்துன கத்துக்கு நான் வராண்டாவுக்கு ஓடிட்டேன். ரெண்டு நாளும் பிடிச்சு வச்சு சமாதானம் பண்ணது நைட் டூட்டி சிஸ்டர். அக்கா, உங்க பேரு கூட கேக்கல, மன்னிச்சிருங்க.

தண்ணில போட்டா கரையுற மாத்திரைதான், அத ஸ்பூன்ல புகட்ட சொல்லிக்குடுத்தது டிபி சென்டர் அண்ணன். ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணேன், "மருந்து கலர்தாம்மா, தூங்குங்க"ன்னாரு.

அத்தைக்கு சளி டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தப்ப என்னாலதானான்னு அழுதாங்க, ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் தெருவுல யார் கேட்டாலும் மறைக்காம சொல்ல ஆரம்பிச்சாங்க, அதக் கேட்டு எதுத்த வீட்டு தாத்தாவும் போய் சளி குடுத்துட்டு வந்தாரு. பெரியவனுக்கும் தடுப்பு மருந்து குடுத்தாங்க. அத்தை, உங்க மேல கோவமே இல்ல.

போன மாசம் பாப்பா 8 கிலோ தொட்டா, எடை ஏறுனதால மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. மாத்திரை கூடுனதுக்கு ஸ்வீட் வாங்கிட்டு போன அம்மா அந்த சென்டர்ல நானாத்தான் இருப்பேன்.