பழுத்த பழத்துக்கு அன்றே பணம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பருக்கு,

பதுளையிலிருந்து நீர் எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி தணிந்துவிட்டதென அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அரை ஏக்கரும் ஓர் ஏக்கருமாகக் காணி வைத்திருக்கும் தமிழ், சிங்களக் குடும்பங்கள் இருபத்தேழு சேர்ந்து கோப்பிக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தீர். அதைப் படித்தபின் வேறு சங்கதி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் வேலை நிமித்தம் கிகாலிக்குச் சென்ற மருமகன், ருவாண்டாவின் தெற்கிலுள்ள ஹுயே மாவட்டத்துக் கோப்பி ஒரு பொதி கொண்டுவந்தார். பாலும் சீனியும் சேர்க்காமல் வடித்துக் குடித்தோம். மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூளுக்கே பழகிய என் நாவில் தோடம்பழத்தின் மெல்லிய புளிப்பும், குடித்து முடித்தபின் பனங்கட்டி போன்ற இனிப்பும் தங்கின. அந்த மாவட்டத்தின் மரபா மலைப்பகுதியில், 1994 இன் இனப்படுகொலையில் கணவரை இழந்த பெண்கள் பலரும் உறுப்பினராயிருக்க, 1999 இல் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அபஹுசமுகம்பி'. ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைப்பவர்கள் என்று பொருள். அதற்கு முன்னர் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் முற்றத்தில் பழத்தை நசித்து உலர்த்தி, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவந்தார்கள். 2001 இல் எல்லாருடைய பழத்தையும் ஒன்றாகத் தோலுரித்துக் கழுவும் பொதுக் கழுவு நிலையம் வந்தது; அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லூசியானாவில் அவர்களுடைய கோப்பியை வாங்க ஆள் இருந்தது. மரமும் மண்ணும் மாறவில்லை. பறித்தபின் நடக்கும் வேலைதான் மாறியது.

அந்த வேலையைச் சற்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் உமது சங்கத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறித்து, தண்ணீரிலிட்டு மிதப்பதை நீக்கி, அன்று மாலைக்குள் தோலுரித்து, கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்று போகும்வரை தொட்டியில் புளிக்கவிட வேண்டும். அது சில இடங்களில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடியும். குளிரான மலையில் ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். பின்னர் நல்ல தண்ணீரில் கழுவி, நிலத்தில் படாமல் வலைமேசைகளில் பரப்பி, ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை கிளறிக் கிளறி உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்தில் வறுக்காத கொட்டை ஒரு கிலோதான் தேறும். நாளுக்கு ஏழெட்டுக் கிலோ பறிக்கும் ஒரு குடும்பம் இதற்கான இயந்திரத்தையும் தொட்டியையும் தனியே எப்படி வாங்கும்? வாங்கினாலும், ஒரு வீட்டில் அளவுக்கு மிஞ்சிப் புளித்த கைப்பிடிக் கொட்டை, சேர்த்துக் கட்டும் முழுச் சாக்கையும் கெடுத்துவிடும். ருவாண்டாவில் அன்டெஸ்டியா என்னும் நாவாய்ப்பூச்சி துளைத்த கொட்டை ஒன்று கலந்தாலே கோப்பையில் பச்சை உருளைக்கிழங்கு மணம் வந்துவிடுகிறது. அயலவரின் தோட்டத்துப் பூச்சி என் கோப்பையின் பிரச்சினை என்பதை அங்குள்ளவர்கள் இப்படித்தான் கற்றிருப்பார்கள்.

உமது கடிதத்தில் சந்தைப்படுத்தலைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. பழம் எடுக்கும் முறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தோராண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் கணக்காய்வு செய்த பால் சேகரிப்புச் சங்கம் ஒன்றில் களவு எதுவும் நடக்கவில்லை, புத்தகங்களும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் பணம் கொடுக்க மூன்று மாதம் தாமதமாயிற்று. பிள்ளைக்குக் கொப்பி புத்தகம் வாங்கவேண்டிய தாய் எத்தனை நாள் பொறுப்பார்? உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளியாருக்குப் பால் ஊற்றத் தொடங்கினார்கள். மறுவருடம் நான் சென்றபோது கட்டடம் பூட்டியிருந்தது. கோப்பியில் இன்னொரு கேடும் சேரும். பணம் தாமதமானால் பழுக்கும்வரை மரத்தில் விட்டுவைக்க யாருக்கும் துணிவு வராது. பச்சைக்காயும் செங்காயும் ஒன்றாகவே உருவி வரும். ஆகவே தராசடியில் வைத்தே பச்சையைப் பொறுக்கி எடுத்துத் திருப்பிக் கொடுங்கள்; சிவந்ததற்கு அன்றே பணமும் பற்றுச்சீட்டும் கொடுங்கள். வருட இறுதியில் மிஞ்சுவதைப் பிறகு பகிர்ந்துகொள்ளலாம்.

உமக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையில்தான் 1869 இல் கோப்பியின் இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது. இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாகத் தொடங்கிய அது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டங்களை இல்லாமலாக்கியது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த உம் முன்னோர் அந்தத் தோட்டங்களில் ஒரு மரத்துக்கும் சொந்தக்காரர் அல்லர். வழியில் கொள்ளைநோயில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயிரை இன்று நீர் உமது பெயரிலுள்ள காணியில் நடுகிறீர் என்று வாசித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். துருவும் வேலி பார்ப்பதில்லை. இலைகளைப் பார்த்துவர இருவரை இப்போதே நியமியுங்கள்.

உபவிதிகளின் வரைவை எனக்கு அனுப்பும். பணம் கொடுக்கும் பிரிவைக் கவனமாகத் திருத்தித் தருகிறேன். ஈரப்பதமானி ஒன்று இங்கே விசாரித்து வைத்திருக்கிறேன்; அடுத்த மாத இறுதியில் புகையிரதத்தில் வரும்போது அதையும், மிச்சமுள்ள ருவாண்டாக் கோப்பியையும் கொண்டுவருவேன். இருபத்தேழு வீட்டாரும் ஒரு மிடறாவது குடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்