தாலிக்கயிற்றில் கிடந்த நாலு ஊக்கு

செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூர் வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால்கூட, வெள்ளத்திலிருந்து தூக்கிய ஹெலிகாப்டர் என்று நினைத்து அப்பத்தா "அந்தா வந்துருச்சு" என்று வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கி அண்ணாந்து பார்க்கிறாள். அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் எனக்கு எழுத வராது.

தூத்துக்குடி மாவட்டத்தின் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏரல் பக்கம் நாங்கள் போயிருந்த சித்தப்பா வீடு வாழைத்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. ஞாயிறு ராத்திரி படுக்கும்போது வீடு, திங்கள் விடியும்போது தீவு. மொட்டைமாடியில் 14 பேர், பாதிப்பேர் யாரென்று சித்தப்பாவுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் ஹெலிகாப்டர் கண்ணில் பட்டது. தூரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடிக்கு மேலே தும்பி மாதிரி அசையாமல் நின்று, கயிறு விட்டு ஆட்களைத் தூக்கியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்கள் தலைக்கு மேல் வந்தபோதுதான் அந்தக் காற்று என்னவென்று தெரிந்தது. வாழைமட்டை, காயப்போட்ட துணி, தகரம் எல்லாம் பறக்க, நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

அப்பத்தாதான் முதலில் என்று முடிவானது. அப்போது ஒரு அக்கா குறுக்கே வந்தார், இடுப்பில் பிள்ளை. காலையில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாட்டியைத் தூக்கியபோது பாதி வழியில் சேலை அவிழ்ந்து போனதை அவர் பார்த்திருக்கிறார். நாங்களும் அதே திசையைத்தான் பார்த்தோம், எங்கள் கண்ணில் அது படவே இல்லை. பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, "ஆச்சி, செத்த நில்லுங்க" என்று (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் வேறு, அந்தச் சீமையில் பாட்டி) தோளில் ஒன்று, பின்கொசுவத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு குத்திவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும்.

இறங்கி வந்த வீரர், கொக்கியைப் பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். இறக்கை சுற்றச் சுற்ற மின்சாரம் சேருமாம், கொக்கி தரையைத் தொடுமுன் பிடித்தால் ஷாக் அடிக்குமாம், பிறகு சொன்னார்கள். அப்பத்தா மேலே போனாள். சேலை ஒரு விரற்கடை விலகவில்லை. 79 வயதில் அவளுக்கு வெள்ளத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்திருக்கிறது, எங்களிடம் வாய் திறக்கவில்லை. பேரன் எனக்கும் தோன்றவில்லை, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை எல்லாருக்கும் நன்றி. ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் பருந்து என்று ஒரு கடற்படைத் தளம் இருப்பதே, பக்கத்து மாவட்டத்துக்காரனான எனக்கு இப்போதுதான் தெரியும். படகோடு வந்த மீனவர்களுக்கும், ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் ரயிலோடு மாட்டிய சனங்களுக்குச் சோறாக்கிப் போட்ட புதுக்குடிக்காரர்களுக்கும், எங்களுக்கு மாற்றுத்துணி கொடுத்தவர்களுக்கும் கும்பிடு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதை மறக்காமல்தான் நம் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டை இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்பார்கள். கண்மாய் நிறைந்தாலே திருவிழா கொண்டாடுகிற ஊரில் அது எனக்கு வெறும் கதையாகத்தான் இருந்தது.

அக்கா, உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. நீங்களும் பிள்ளையும் அன்று சாயங்காலமே பத்திரமாக இறங்கியதாகச் சித்தப்பா சொன்னார். தண்ணீர் நன்றாக வடியட்டும், தெருத்தெருவாக விசாரித்தாவது ஊக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். மூன்றுதான் வரும், ஒன்றை அப்பத்தா தரமாட்டேன் என்கிறாள்.

"ஊக்கை மட்டும் நீட்டிக்கிட்டுப் போவியாக்கும்? இரவல் ஏனத்தையே வெறுமனே திருப்பப்படாது" என்று காலையிலேயே சத்தம். மாவு திரிக்க ஆள் போயிருக்கிறது. மணகோலமும் சீப்புச்சீடையும் ஒரு தூக்கில், பிள்ளைக்குத் தனியாக ஒரு டப்பா.