கறுப்புக் கல் ஊரிலிருந்து

கோல்வேசி,
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். அங்கே அம்மா, மச்சான், பாப்பா எல்லோரும் சுகம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் கட்டாகிவிடுகிறது. ஊருக்குப் புறப்படும் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்தார், அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பாப்பா காலேஜுக்குப் போய்வர பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. ஆனால் வாங்குவதற்கு முன்னால் நான் இங்கே பார்ப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

காங்கோவின் தெற்கே, சாம்பியா எல்லைப் பக்கம் இருக்கிறது இந்த ஊர். பூமிக்குள் செம்பும் கோபால்ட் என்ற உலோகமும் சேர்ந்தே கிடக்கின்றன. உலகம் முழுக்க எடுக்கும் கோபால்டில் 100க்கு 70 பங்குக்கு மேல் இந்த ஒரு நாட்டில்தான் எடுக்கிறார்கள். செல்போன் பேட்டரிக்கும் பல மின்சாரக் கார்களுக்கும் அது வேண்டும். நான் பார்ப்பதோ ஜெனரேட்டர் ரிப்பேர் வேலை. லுவாலாபா ஆற்றில் அணை கட்டி எடுக்கும் கரண்ட் பெரும்பாலும் சுரங்கத்துக்கே போய்விடுகிறது. இந்த நாட்டில் 5 பேரில் ஒருவர் வீட்டில்தான் கரண்ட் இருக்கிறது. ஊருக்கே பேட்டரிக் கல் எடுத்துக் கொடுக்கிறவர்களின் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய சுரங்கங்களில் மெஷின் தோண்டுகிறது. அது போக, கையால் தோண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிரெஞ்சில் 'க்ரூசர்' என்பார்கள், தோண்டுகிறவன் என்று அர்த்தம். 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் இருந்தும் கல் போகிற வழியே போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம்ம வீட்டுக் கிணற்றைப் போல ஏழெட்டுக் கிணறு ஆழம், சுவருக்கு ஒரு முட்டுக்கூட இல்லை. இப்போது மழைக்காலம், மண் ஊறிப்போய் இருக்கிறது. 2019 ஜூனில், அதுவும் மழையே இல்லாத மாதத்தில், இந்த ஊர்ப் பக்கம் ஒரு சுரங்கம் சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

கசுலோ என்று ஒரு பேட்டை. 2014 வாக்கில் அங்கே வீட்டுக் காலியிடத்தில் தோண்டியவருக்குக் கல் கிடைத்தது. அப்புறம் தெரு முழுக்க வீட்டுக்குள்ளேயே தோண்டினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் குழி, குழிக்குப் பக்கத்தில் அடுப்பு. லுபும்பாஷி பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜியத்து ஆய்வாளர்களும் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து 2018ல் வெளியிட்டார்கள். மற்ற இடத்துப் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போல 10 மடங்கு கோபால்ட். வீட்டுத் தூசியிலும் அதே உலோகம். தோண்டாத பிள்ளையும் தின்றுகொண்டுதான் இருக்கிறது. இன்னொரு ஆய்வு 2020ல் வந்தது. அப்பா சுரங்க வேலைக்குப் போகும் வீடுகளில் குறையோடு பிறக்கும் குழந்தைகள் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஓடைப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் பார்க்கப் போனேன். பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கல் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதுகில் கைக்குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். கறுப்புக் கல்லை ஜல்லடையில் போட்டு ஆட்டினாள், தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடியது. கையை நீட்டி ஒரு கல்லைக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது அக்கா. கடல்பாசி எடுக்கப் போகும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வாளே, அப்படியும் கிழிந்து வருவாளே, அதே விரல். இவள் விரலில் துணிகூட இல்லை.

இங்கே டாங்கானிக்கா ஏரியிலிருந்து ஒரு பொடிமீன் கருவாடு வருகிறது, நெத்திலி மாதிரியே இருக்கும். அதைச் சோளக் களியோடு சாப்பிடுகிறேன். கீரையும் கிடைக்கிறது, நம்ம தண்டுக்கீரை போல. ரோட்டோரம் விளைவதை மட்டும் வாங்குவதில்லை. அமில லாரியும் கல் லாரியும் போகும் ரோடு அது, இலை மேல் தூசி அப்பியிருக்கும்.

சின்ன வயதில் தாத்தா கதை சொல்வாரே, வள்ளத்தில் போய் கடப்பாரையால் பார்க்கல்லை, அதான் கடலுக்குள் இருக்கும் பவளப் பாறையை, பெயர்த்து வந்து சுண்ணாம்புக்குக் கொடுத்ததை. அந்தக் காசில்தான் நாம் சோறு தின்றோம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நம்ம மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் இன்று கடலுக்கு அடியில் கிடப்பதற்கு அந்தக் கல் எடுத்ததும் ஒரு பெரிய காரணம். பார் போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. 2001ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த பிறகுதான் நம்ம பக்கம் மெல்ல மெல்ல நின்றது. இங்கே யாரும் நிறுத்தப் போவதாகத் தெரியவில்லை. வாங்குகிறவன் கேட்காதவரை தோண்டுகிறவன் கைக்குக் கையுறைகூட வராது.

பெட்ரோலுக்கே போய்விடு என்று சொல்ல மாட்டேன். 2010லும் 2016லும் தண்ணீர் சுட்டு நம்ம கடல் பவளம் வெளுத்ததை மறக்க முடியுமா? அந்தச் சூட்டுக்குப் பெட்ரோல் புகையும் காரணம்தான். அதனால் கடையில் மச்சானைக் கேட்கச் சொல்: இது எந்த பேட்டரி? லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால், எல்.எஃப்.பி. என்பார்கள், அதில் கோபால்டும் இல்லை, நிக்கலும் இல்லை. கனம் கொஞ்சம் கூட, ஆனால் நம்ம ஊர் வெயிலைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். லித்தியம் அதிலும் உண்டு. சிலி நாட்டில் நம்ம உப்பளப் பாத்தி போலக் கட்டி, நிலத்தடி உப்புநீரைக் காயவைத்து எடுக்கிறார்கள், அங்கேயும் தண்ணீர்ச் சண்டை நடக்கிறது. இருந்தாலும் நான் பார்க்கும் இந்தக் குழி அதில் இல்லை.

அப்புறம், பரண் மேல் கிடக்கும் பழைய போன்களைத் தூக்கி எறிந்துவிடாதே. பழைய பேட்டரியைத் திரும்ப எடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022ல் நம்ம நாட்டிலேயே விதி வந்திருக்கிறது. அதிலுள்ள உலோகத்தை மறுபடி எடுக்கலாம். நான் வரும்போது கொடுத்துவிட்டு வருவோம்.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். அதில் முதலில் அம்மாவுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடு, ராமநாதபுரத்தில் நல்லதாகக் கிடைக்கும். வேண்டாம் என்பாள், விடாதே.

அன்புடன்,
தம்பி