கன அடி வேண்டாம், எங்கள் தெருவில் கோடு போடுங்கள்

வெள்ள எச்சரிக்கை விடும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, கடலூர் தென்பெண்ணைக் கரையிலிருந்து வணக்கம்.

மழைக்காலம் நெருங்குகிறது. உங்கள் ஆய்வுக் கூட்டங்களில் எங்கள் கோரிக்கை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாத்தனூர் அணையில் இவ்வளவு திறந்தால் எங்கள் தெருவில் இவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்று மின்கம்பங்களில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் 2 விடிவதற்குள் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. எச்சரிக்கையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. இத்தனை ஆயிரம் கன அடி, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு வாசற்படி நனையுமா, ஜன்னலைத் தொடுமா என்று யாரால் சொல்ல முடியும்?

என் மாமியார் படுத்த படுக்கை. பழைய வெள்ளங்களைப் பார்த்த தெருப் பெரியவர்கள், முழங்காலுக்கு மேல் வராது என்றார்கள். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். மெத்தை நனைய ஆரம்பித்தபோது கரண்ட் இல்லை, வெளியே இழுப்பு அதிகம். பக்கத்து மாடி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரைப் போர்வையில் கட்டித் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் அவர், "என்னை விட்டுட்டு நீங்க போங்கப்பா" என்று அழுதுகொண்டே போனார். இடுப்பளவு வரும் என்று முந்தின மாலையே தெரிந்திருந்தால், வெளிச்சத்தில், ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கௌரவமாகக் கொண்டுபோயிருப்போம்.

கடல் ஏற்றத்தைப் பொறுத்து அளவு மாறும், துல்லியமாகச் சொல்ல முடியாது என்பீர்கள். சரி, தாழங்குடா முகத்துவாரத்தில் கடல் தண்ணீரை வாங்காமல் எதிர்க்கும் நாட்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அரை அடி கூடக் குறைய இருக்கட்டும். 2024-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்குச் சுவர்களில் கறை இருக்கிறது. முதல் கோட்டை அங்கேயே போடலாம்.

2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் பெருமழை. ஒவ்வொன்றுக்கும் பிறகு எங்களுக்கு அரிசியும் பாயும் போர்வையும் வந்தன. நன்றி மறக்கவில்லை. ஆனால் நிவாரண வரிசையில் நிற்கவே பிறந்தவர்களா கடலூர்க்காரர்கள்? ஆற்றுக்குள் கருவேலம் காடாக நிற்கிறது. அதை வெட்டச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்து எங்கள் கை ஓய்ந்துவிட்டது. முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலைக்கு இல்லாத பணம், பிறகு பொட்டலம் கட்ட மட்டும் எப்படி வருகிறது?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய செலவில்லை. கம்பத்துக்கு மூன்று நிறத்தில் மூன்று கோடு. தண்ணீர் திறக்கும் அன்று ஆட்டோவில் மைக் கட்டி, "இன்று ராத்திரி மஞ்சள் கோடு வரை வரும்" என்று ஒரு வரி. போனில் சார்ஜ் இல்லாதவருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும். எங்கள் தெருப் பிள்ளைகள் ஏணியும் பிரஷும் கொண்டுவரத் தயார். அளவெடுக்கத் தெரிந்த ஒருவரை மட்டும் அனுப்புங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தெருக்காரி ஒருத்தி